பழைய கப்பல்துறை தோண்டுற இடத்துக்கு முதல் தடவை போறீங்களா? இத படிச்சிட்டு இறங்குங்க

மேட்டு நிலத்துல அகழாய்வு பண்ணி பழகினவங்க துறைமுகத் தோண்டலுக்கு வந்தா முதல் வாரம் தடுமாறிப் போறாங்க, நானும் அப்படித்தான் தடுமாறினேன். மேட்டு நிலத்துல எல்லாம் மண்ணு மேல மண்ணா அடுக்கியிருக்கும், கீழ இருக்கிறது பழசு மேல இருக்கிறது புதுசு, அந்தக் கணக்கோட போனா பெருசா தப்பு வராது. துறையில அப்படி இல்ல. நடுவுல ஒரு சுவர் நிக்கும், அது மரமா இருக்கலாம் கல்லா இருக்கலாம் செங்கலா இருக்கலாம், அந்தச் சுவருக்கு தண்ணிப் பக்கம் இருக்கிற மண்ணும் நிலத்துப் பக்கம் இருக்கிற மண்ணும் ஒரே ஆழத்துல பக்கத்துப் பக்கத்துல கிடந்தாலும் ரெண்டும் வேற வேற விதமா வந்து சேர்ந்தது. அதனால தினமும் காலையில குழிக்குள்ள காலை வைக்கும்போது உங்களையே கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், நான் இப்ப சுவருக்கு எந்தப் பக்கம் நிக்கிறேன்? இந்தக் கட்டுரையில மத்ததெல்லாம் இந்தக் கேள்விய சுத்தித்தான் வரும்.

ரெண்டு பக்கமும் எப்படி வேறுபடுது

தண்ணிப் பக்கம் இருக்கிறது வண்டல். ஆறு கொண்டுவந்தது, அலை கொண்டுவந்தது, படகுல இருந்து தவறி விழுந்தது, வேணும்னே தூக்கிப் போட்டது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா படிஞ்சிருக்கும், மெல்லிசு மெல்லிசா கோடு கோடா தெரியும். நிலத்துப் பக்கம் இருக்கிறது நிரப்பு. சுவர் கட்டி முடிச்சதும் பின்னாடி இருக்கிற பள்ளத்த மூட எங்கிருந்தோ வண்டி வண்டியா குப்பை, சாம்பல், சாணி, உடைஞ்ச ஓடு, இடிச்ச வீட்டுக் கல்லுனு கொண்டுவந்து கொட்டியிருப்பாங்க, சில நாள்லயோ சில வாரத்துலயோ முடிஞ்ச வேலை அது.

புதுசா வர்றவங்க எல்லாருக்கும் நிரப்புலதான் ஆசை வரும், ஏன்னா பொருள் அங்கதான் அள்ளி அள்ளி கிடைக்கும். ஆனா அந்தப் பானை ஓடு அந்த இடத்துல புழங்கினது இல்ல, ஊருக்குள்ள வேற எங்கயோ இருந்து வந்த குப்பை, சுவர விட நூறு வருஷம் பழசாக்கூட இருக்கலாம். அதுல இருக்கிற பொருள்லயே எது கடைசிக் காலத்துதோ அது ஒண்ணுதான் சுவரோட வயசுக்கு உதவும். அந்தப் பொருள் செஞ்சதுக்கு அப்புறம்தான் அத கொட்டியிருக்க முடியும், அதுக்கு முன்னாடி முடியாது. முன்பக்க வண்டல் வேற விஷயம் சொல்லும், சுவர் எழும்பின பிறகு துறை எப்படி இயங்குச்சு, என்ன சரக்கு வந்துச்சு, எப்ப தூர்ந்துச்சுனு. ஒரு எச்சரிக்கை, அடிச் சேற அப்பப்ப தூர்வாரியிருப்பாங்க, அப்ப பழைய அடுக்கு காணாமலே போயிருக்கும். நேப்பிள்ஸ் நகரத்துல மெட்ரோ ரயிலுக்காக தோண்டினப்போ பழைய துறைமுகத்தோட அடித்தரையில தூர்வாரின கருவி கீறின தடம் வரிசையா அப்படியே இருந்துச்சு. அந்த மாதிரி கீறல் தெரிஞ்சா அதுக்கு மேல இருக்கிற அடுக்குக்கும் கீழ இருக்கிறதுக்கும் நடுவுல ஒரு பெரிய இடைவெளி இருக்குனு அர்த்தம்.

இன்னொண்ணு, ஒரே ஒரு சுவரோட முடியாது. மரச் சுவர் உளுத்துப் போகும், முன்னாடி வண்டல் சேர்ந்து ஆழம் குறையும், பெரிய கப்பல் வர ஆரம்பிக்கும், இதெல்லாம் இல்லாட்டியும் கரையில இடம் பத்தாது. அப்ப என்ன பண்ணுவாங்க, பழைய சுவருக்கு முன்னாடி தண்ணிக்குள்ளயே புதுச் சுவர் எழுப்பி நடுவுல நிரப்பிடுவாங்க. லண்டன்ல தேம்ஸ் கரை இப்படியே ரோமர் காலத்துல இருந்து மத்திய காலம் முடியிறதுக்குள்ள ஆத்துக்குள்ள 50ல இருந்து 100 மீட்டர் வரைக்கும் நகர்ந்திருக்கு. அதனால வரிசையா மூணு சுவர் வந்தா பொதுவா நிலத்துப் பக்கம் இருக்கிறதுதான் மூத்தது. இங்க பழசு கீழ இல்ல, உள்ள இருக்கு.

இறங்குறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து பண்ற வேலை

பழைய வரைபடம் எத்தனை கிடைக்குதோ அத்தனையும் எடுத்து, காலவாரியா ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கரைக்கோடு எப்படி நகர்ந்திருக்குனு பாருங்க. தெருப் பேருல துறை, படித்துறை, பண்டகசாலைனு ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கானும் பாருங்க, தண்ணி போயி நூறு வருஷம் ஆனாலும் பேரு போகாது. அப்புறம் இஞ்சினியருங்க கட்டடத்துக்காக போட்ட போர்வெல் மண் பரிசோதனைத் தாள் இருக்கும், அத கேட்டு வாங்குங்க, எத்தனாவது மீட்டர்ல கருஞ்சேறு ஆரம்பிக்குது, எங்க பாறைனு அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

லிவர்பூல்ல தாமஸ் ஸ்டீர்ஸ் வடிவமைச்ச பழைய டாக் 1715ல திறந்தது, வணிகக் கப்பலுக்குனு கதவு போட்டு தண்ணிய உள்ளயே தேக்கி வச்ச டாக்ல உலகத்துலயே முதல்னு அத சொல்றாங்க, 1826ல மூடி நிரப்பி மேல கட்டடம் கட்டிட்டாங்க. 2001ல கடைவளாகம் கட்டுறதுக்காக தோண்டினப்போ செங்கல் சுவர் அப்படியே வெளிய வந்துச்சு. இஸ்தான்புல்லோட யெனிகாப்பில 2004ல சுரங்க ரயிலுக்காக தோண்ட ஆரம்பிச்சு கடைசியில பைசாந்தியக் காலத்து தியோடோசியஸ் துறைமுகமும் 37 கப்பலும் கிடைச்சுது, ஆறு கொண்டுவந்த வண்டல் மூடி மூடியே அத்தனையும் பத்திரமா இருந்திருக்கு. இத ஏன் சொல்றேன்னா, துறைமுக நகரத்துல நீங்க வேலை பாக்கப் போற தோண்டல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பக்கத்துலயே கிரேன் ஓடிக்கிட்டு இருக்கும், நாள் கணக்கு போட்டுத்தான் இடத்த குடுப்பாங்க. எந்தக் கேள்விக்கு விடை வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணாம போனா பாதியிலயே நேரம் முடிஞ்சிடும்.

உடம்ப காப்பாத்திக்கிறது

இத வேகமா படிச்சு தள்ளிடாதீங்க. துறைச் சேறு கனமானது, தண்ணி ஊறினது, குழிச்சுவர் எந்த எச்சரிக்கையும் இல்லாம சரியும். இடுப்பு ஆழத்துக்கு மேல போற எந்தக் குழிலயும் முட்டு குடுக்காம, இரும்புத் தகடு அடிக்காம இறங்கக் கூடாது, மேல ஒரு ஆள் நிக்காம தனியா இறங்கவே கூடாது, "ரெண்டு நிமிஷம்தான்"னு யார் சொன்னாலும் சரி. அழுகின முட்டை வாடை வந்தா உடனே மேல ஏறிடுங்க, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதிகமானா மூக்கே மரத்துப் போயி வாடை தெரியாம ஆகிடும், அதனால வாடை நின்னுருச்சுனு திரும்ப இறங்காதீங்க, வாயு அளக்கிற மீட்டர் வச்சு பாத்த பிறகுதான் இறங்கணும். எலி நடமாடுற தேங்கின தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், கையில சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர் ஒட்டி ரப்பர் கையுறை போடுங்க. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கானு பாத்துக்குங்க. பழைய டாக்ல தார், ஈயம், எண்ணெய் எல்லாம் ஊறியிருக்கும், கை கழுவாம எதையும் சாப்பிடக் கூடாது.

குழி வெட்டுறது

குழிய கரைக்கு இணையா வெட்டாதீங்க, கரைக்கு குறுக்கா, நிலத்துல இருந்து தண்ணிய நோக்கிப் போற மாதிரி வெட்டணும். அப்பதான் சுவர், அதுக்குப் பின்னாடி நிரப்பு, முன்னாடி வண்டல் மூணும் ஒரே வெட்டுமுகத்துல தெரியும். இணையா வெட்டி நீளமா ஒரு சுவரோட முகத்த மட்டும் வெளிய கொண்டுவந்தா போட்டோ அழகா இருக்கும், ஆனா எந்த அடுக்கு எதோட சேர்ந்ததுனு சொல்ல முடியாம போயிடும்.

மேல இருக்கிற கான்கிரீட்டு, தார் ரோடு, சமீபத்து இடிபாடு எல்லாத்தையும் ஜேசிபி வச்சு எடுக்கலாம், பல்லு இல்லாத அகல பக்கெட் போடச் சொல்லுங்க, நீங்க முன்னாடி நின்னு கண்ண எடுக்காம பாருங்க. தண்ணி மட்டத்துக்கு கீழ போன உடனே பம்ப் வேணும். குழியோட ஒரு மூலையில மத்த இடத்த விட ஆழமா ஒரு சின்ன கிணறு மாதிரி எடுத்து பம்ப்போட குழாய அதுல வைங்க, தண்ணி எல்லாம் அங்க வடிஞ்சு வரும், வேலை பாக்கிற இடம் சகதியாகாது. அந்தக் கிணத்துல இருந்து வந்த பொருள தனிப் பையில போட்டு "சம்ப் மண்"னு எழுதுங்க, சம்ப்னா இந்தச் சின்ன கிணறுதான், நாலு அடுக்கு அதுல கலந்திருக்கும். கடல் அலை ஏறி இறங்குற இடமா இருந்தா ஏத்த இறக்க நேரத்த தினமும் பலகையில எழுதி வைங்க.

சேத்த படிக்கிறது

சேறு எல்லாம் ஒண்ணுதான்னு முதல்ல தோணும், பத்து நாள்ல கை பழகிடும். கொத்துக்கரண்டியால ஒரு சீவு சீவினா உள்ள இருந்து நீலம் கலந்த கருப்பா பளபளனு வரும், நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே காத்து பட்டு கொஞ்ச நேரத்துல மங்கி பழுப்பாயிடும். அதனால அடுக்கோட எல்லைய சீவின உடனே கோடு போட்டு குறிச்சிடுங்க, டீ குடிச்சிட்டு வந்து குறிக்கலாம்னா கோடு மறைஞ்சு போயிருக்கும். எலும்பும் சாணியும் அழுகின குப்பையில சில சமயம் வெளுத்த மாவு மாதிரி ஒண்ணு இருக்கும், காத்து பட்டதும் அது பளிச்சுனு நீலமா மாறும், யாரோ பெயிண்ட கொட்டிட்டாங்கனு நினைச்சு நிறைய பேரு பதறிடுவாங்க, அது விவியனைட்டுங்கிற இரும்பு பாஸ்பேட் தாது. காத்து போகாத, கழிவு நிறைஞ்ச சேறுங்கிறதுக்கு அது நல்ல அடையாளம், அந்த மாதிரி இடத்துலதான் தோலும் கயிறும் மரமும் விதையும் கெடாம இருக்கும், நிதானமா போங்க.

விரல்ல ஒரு சிட்டிகை எடுத்து தேய்ச்சுப் பாருங்க. நறநறனா மணல், மாவு மாதிரி வழுக்கினா வண்டல், உருட்டினா பிசுபிசுனு ஒட்டி நூல் மாதிரி நீண்டா களிமண். சுத்தமான களிமண் சுவருக்குப் பின்னாடி பட்டையா ஏறிப் போனா அது தானா படிஞ்சது இல்ல, தண்ணி கசியாம இருக்க ஆளுங்க மிதிச்சு அப்பினது. தானா வந்த மண்ண சுவரோட பாகமா எழுதிடுறதும், மனுஷன் வச்ச களிமண்ண வண்டல்னு எழுதிடுறதும் புதுசா வர்றவங்க அதிகமா பண்ற தப்பு.

மரம் வந்தா

இங்கதான் நிறைய எழுதணும், ஏன்னா பெரும்பாலான துறையில மரம்தான் உயிர்.

மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும் மரம் உறுதியா இருக்கிற மாதிரியே தெரியும், நெசத்துல உள்ள இருந்த சத்து போயி அந்த இடத்துல தண்ணிதான் தாங்கிக்கிட்டு இருக்கும். தண்ணி வத்தினா சுருங்கும், பிளக்கும், வளையும், திரும்ப நனைச்சாலும் பழைய நிலைக்கு வராது. நான் வேலை பாத்த ஒரு இடத்துல மதியச் சாப்பாட்டுக்கு போறப்போ ஒரு பலகையோட முனைய மட்டும் மூட விட்டுட்டோம், ஒரு மணி நேரம்தான், நல்ல வெயிலு, திரும்பி வந்தா அந்த முனையில இருந்த கோடாலித் தடத்துக்கு குறுக்கா மயிரிழை மாதிரி நாலஞ்சு வெடிப்பு ஓடியிருந்துச்சு. அந்தத் தடம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது, இன்னைக்கும் மனசு ஆறல. ஸ்ப்ரேயர் எப்பவும் கை எட்டுற தூரத்துல இருக்கணும், வேலை பாக்கிற ஒரு அடிய தவிர மத்ததெல்லாம் ஈரத்துணி போட்டு அதுக்கு மேல பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கணும். இரும்புக் கரண்டி மரத்துமேல படவே கூடாது, மூங்கில் சீவலோ பிளாஸ்டிக் தகடோ விரலோதான். மரத்து மேல நிக்கிறதும் கூடாது, குறுக்கா பலகை போட்டு அதுல முட்டி போட்டு வேலை பாருங்க.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர், ஒரு தாள். நீளம் அகலம் கனம், நாலு முகமும் ரெண்டு முனையும் படம், பொருத்து எப்படி, துளை எங்க, ஆணி இரும்பா மரமா, வாள் போட்டதா கோடாலியால செதுக்கினதா. தேவையே இல்லாத துளையும் வெட்டும் இருந்தா கவனமா பாருங்க, அந்த மரம் இதுக்கு முன்னாடி வேற எங்கயோ வேலை செஞ்சிருக்கு. பழைய கப்பல உடைச்சு அந்தப் பலகையிலயே கரைச்சுவர் கட்டுறது எல்லா நாட்டுலயும் நடந்த பழக்கம், ஓரத்துல கலப்பத்து, அதாவது தண்ணி புகாம இடுக்குல அடைச்ச நாரோ தாரோ ஒட்டியிருந்தா அது கப்பல் பலகைனு வச்சுக்கலாம். சில இடத்துல முழுக் கப்பலே நிரப்புக்குள்ள புதைஞ்சிருக்கும், நியூயார்க்ல 2010ல உலக வர்த்தக மையம் இருந்த இடத்துல கிடைச்ச கப்பல் அப்படித்தான், அதோட ஆண்டு வளையத்த எண்ணி 1773 வாக்குல பிலடெல்பியா பக்கத்துல வெட்டின மரம்னு சொன்னாங்க.

ஆண்டு வளையத்துக்கு மாதிரி எடுக்கணும்னா பட்டை ஒட்டியிருக்கிற துண்டா பாருங்க. பட்டைக்கு அடுத்த கடைசி வளையம்தான் மரத்த வெட்டின வருஷம். பட்டை இல்லாட்டி வெளுத்த வெளிக்கட்டையாவது இருக்கணும், சேகு, அதாவது உள்ள இருக்கிற வைரக் கட்டை மட்டும் இருந்தா வெளிய எத்தனை வளையம் செதுக்கிப் போயிருக்குனு சொல்ல முடியாது, அதுக்கப்புறம் எப்பவோ வெட்டினதுனு மட்டும்தான் சொல்லலாம். எல்லா மரத்துக்கும் இது ஆகாது. தேக்குல வளையம் தெளிவா இருக்கும், பனை தென்னையில வளையமே கிடையாது, அதுக்கு ரேடியோ கார்பன்தான் வழி. அதுக்கும் மாதிரிய மரத்தோட வெளிப்புறத்துல இருந்து எடுங்க, பெரிய மரத்தோட நடுப்பகுதி வெட்டின வருஷத்த விட நூறு வருஷம் முந்தின கணக்க காட்டிடும். பூம்புகாருக்கு பக்கத்துல கீழையூர்ல கிடைச்ச செங்கல் படகுத்துறையில மரக்கால் நட்டிருந்ததும், கேரளாவுல பட்டணம்ங்கிற ஊர்ல செங்கல் துறையோட பக்கத்துல 6 மீட்டர் நீளத்துல ஒத்தை மரத்த குடைஞ்ச தோணியும் கட்டுத்தறியும் கிடைச்சதும் நமக்குத் தெரியும், ஈரம் காக்காம இருந்திருந்தா அதுல எதுவும் நமக்கு மிஞ்சியிருக்காது.

எடுத்த மரத்த தண்ணித் தொட்டியில போட்டு வைக்கணும், தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும். அதுக்கப்புறம் தண்ணிக்குப் பதிலா மரத்த தாங்குற பாலிஎத்திலின் கிளைகால்ங்கிற மெழுகு மாதிரி மருந்த ஏத்துறது, உறைய வச்சு உலர்த்துறதெல்லாம் லேப் ஆளுங்க வேலை, மாசமும் ஆகும் வருஷமும் ஆகும். ஸ்வீடன்ல வாசா கப்பலுக்கு அந்த மருந்த 17 வருஷம் தெளிச்சாங்க. வைக்க இடமும் ஆளும் இல்லாம எல்லா மரத்தையும் புடுங்கி எடுக்காதீங்கனு சொல்றது இதுக்காகத்தான், அளந்து வரைஞ்சு மாதிரி எடுத்துட்டு அங்கயே விடுறது பல சமயம் நல்ல முடிவு.

கல்லும் செங்கலும்

இதுல சுருக்கமா சொல்லிடுறேன். முகத்த பாத்துட்டு விட்டுடாதீங்க, அஸ்திவாரம் எதுமேல நிக்குதுனு ஒரு இடத்துலயாவது பாருங்க, பாறையா, களிமண்ணா, அடிச்சு இறக்கின மரக்கழியா. சாந்து ஒரு துண்டு எடுத்து வைங்க, தண்ணிக்குள்ளயே இறுகுற சாந்தா இல்லையாங்கிறது பெரிய விஷயம், இஸ்ரேல்ல இருக்கிற ரோமர் காலத்து செசரியா துறைமுகத்துக்கு எரிமலைச் சாம்பல இத்தாலியில இருந்து கப்பல்ல கொண்டுவந்து கான்கிரீட் போட்டிருக்காங்க. சுவரோட மேல் விளிம்புல கயிறு உரசி விழுந்த பள்ளம், கப்பல் கட்டுற வளையம், இறங்குற படி, சாக்கடை வாய், கதவு இருந்த காடி எல்லாத்தையும் அளந்து குறிங்க.

மட்டம்

தோண்டல் முழுசுக்கும் ஒரே ஒரு ஆதார மட்டம்தான் இருக்கணும், அது கடல் மட்டத்தோட இணைச்சதா இருக்கணும். சுவரோட தலை மட்டம், படியோட கடைசி மட்டம், இதோட ரொம்ப முக்கியமா கொட்டலசு, அதாவது கல்லுலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஓடு உள்ள சின்ன கடல் உசிரு, ஒட்டின கோடு. கொட்டலசு உசிரோட இருக்க தினமும் தண்ணி நனைக்கணும், அதனால சுவர்ல அது நிக்கிற மேல் எல்லை அன்னைக்கு அலை எவ்வளவு உசரம் வந்துச்சுனு சொல்லிடும். மரத்துல கப்பல் புழு குடைஞ்சிருக்கானும் பாருங்க, புழு இருந்தா உப்புத்தண்ணி வந்து போயிருக்கு. பிரஷ் போட்டு சுவர சுத்தம் பண்ற ஆர்வத்துல இத சுரண்டிடுறவங்க நிறைய பேரு, முதல்ல மட்டம் எடுங்க, போட்டோ எடுங்க, அப்புறம் கழுவுங்க. குஜராத்ல சிந்து சமவெளிக் காலத்து ஊரான லோத்தல்ல இருக்கிற சுமார் 215 மீட்டர் நீளச் செங்கல் தொட்டி கப்பல்துறையா குளமானு இத்தனை வருஷமா வாதம் நடக்குது, அந்த மாதிரி வாதத்துல மட்டமும் தண்ணியோட உப்பும்தான் பேசும், சுவரோட அழகு பேசாது.

சலிக்கிறது, மாதிரி எடுக்கிறது

கையால பொறுக்கினா பெரிய ஓடு மட்டும்தான் வரும். தண்ணி விட்டு சலிச்சா மீன் முள்ளு, மிளகு, திராட்சை விதை, மீன் செதில், ஊசி, பாசி மணி எல்லாம் வரும், சரக்கு என்னனு சொல்றது அதுதான். எல்லா மண்ணையும் சலிக்க முடியாது, அதனால ஒவ்வொரு அடுக்குல இருந்தும் ஒரு வாளி சலிக்கிறதுக்கு, ஒரு சின்ன டப்பா கழுவாம அப்படியே லேப்புக்கு. டப்பால இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியோட ஓடுகளையும் மகரந்தத்தையும் பாத்து தண்ணி நல்லதண்ணியா உப்புத்தண்ணியானு சொல்லுவாங்க. ஊருக்கு சம்பந்தமே இல்லாத கல்லு குவியலா கிடந்தா தூக்கி வெளிய வீசாதீங்க, வெறும் கப்பல் ஆடாம இருக்க போட்டுவந்த அடிபாரக் கல்லா இருக்கலாம், அந்தக் கல்லோட ஊர் தெரிஞ்சா கப்பல் வந்த திசை தெரியும். எவ்வளவு சேரும்னு ஒரு கணக்கு வேணும்னா, ஆம்ஸ்டர்டாம்ல மெட்ரோவுக்காக பழைய ஆத்துப் படுகைய தோண்டினப்போ சுமார் 7 லட்சம் பொருள் வந்துச்சு. பையும் டப்பாவும் வைக்க இடமும் முதல் நாளே தயாரா இருக்கட்டும்.

எழுதுறது

ஒவ்வொரு அடுக்குக்கும் தனி நம்பர், தனித் தாள், அதோட மேல எது கீழ எது, எத வெட்டிக்கிட்டு போகுது, எதோட முட்டுதுனு எழுதி, எந்த அடுக்கு முந்தி எது பிந்தினு காட்ட 1973ல எட்வர்ட் ஹாரிஸ் உருவாக்கின கட்டம் கட்டமான வரிசைப் படத்த அன்னன்னைக்கே போடுங்க, வாரக் கடைசில மொத்தமா போடலாம்னு விட்டா சேத்துல எல்லாம் ஒண்ணா தெரியும். தாள்ல மேல ஓரமா "நிலப்பக்கம்" இல்லாட்டி "தண்ணிப்பக்கம்"னு எழுதுற வழக்கத்த நானே வச்சுக்கிட்டேன், எந்த ஃபார்ம்லயும் அந்தக் கட்டம் இருக்காது, பின்னாடி ஆறு மாசம் கழிச்சு அறிக்கை எழுதுறப்போ அதுதான் என்ன காப்பாத்துச்சு. லேபிள்ல பேனா வேண்டாம், ஈரத்துல கரையும், தண்ணி புகாத தாள்ல பென்சில்ல எழுதி பைக்குள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு போடுங்க. நார்வேல பெர்கன் நகரத்துல 1955ல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் ஆஸ்பியோர்ன் ஹெர்டெய்க் தோண்டின கப்பல்துறையில எரிஞ்ச அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணா இருந்துச்சு, பழைய தீவிபத்து நடந்த வருஷம் ஏட்டுல இருந்ததால எந்தச் சாம்பல் எந்தத் தீனு பொருத்திப் பாத்து காலம் கணிச்சாங்க. உங்க குழியிலயும் கருகின அடுக்கு குறுக்கா ஓடினா அது சுவரோட ரெண்டு பக்கமும் தொடருதானு பாருங்க, தொடர்ந்தா பிரிஞ்சு நிக்கிற ரெண்டு பக்கத்தையும் காலத்தால இணைக்க அந்த ஒரு கோடு போதும்.

மூடுறது

கடைசி நாள் அவசரத்துல அப்படியே மண்ண தள்ளாதீங்க. மிச்சம் இருக்கிற மரத்துமேல நல்லா நனைச்ச துணி மாதிரியான ஜியோடெக்ஸ்டைல் விரிச்சு, அதுக்கு மேல கழுவின மணல் ஒரு முழம் கொட்டி, அதுக்கு மேலதான் தோண்டின மண்ணு. பம்ப்ப நிறுத்தினதும் தண்ணி ஏறி மரம் முழுசா மூழ்குதானு மறுநாள் போயி ஒரு தடவை பாத்துட்டு வாங்க.